நான்காவது குட்டி

மறுபடியும் எழுந்துவிட்டது. படு டைகர், படும்மா, என் தங்கமில்லையா, என்று கழுத்தை அமுக்கிப் பிடித்தால் ஒரு நிமிஷம் படுக்கிறது, குட்டிகள் தட்டுத்தடுமாறி வயிற்றுப் பக்கம் வந்து வாய் வைப்பதற்குள் உதறிக்கொண்டு எழுந்து துவைக்கிற கல்லைச் சுற்றுகிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முகர்கிறது, கொய்யா மரத்தடிக்குப் போய் நின்று யோசிக்கிறது, திரும்பி வந்து மாடிப்படிக்குக் கீழே விரித்த சாக்கை முன்னங்காலால் பறண்டிப் பார்க்கிறது. சாக்கில் நாலு குட்டிகள் கிடக்கின்றன. காலையில் பெற்றது ஐந்து. நாய்க்கு எண்ணத் தெரியுமா மாதாவே, அல்லது எண்ணாமலே தெரியுமா? நாலாவதாக வந்தது அசையவில்லை. இது நக்கி நக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவதுக்கு வலி வந்து முதுகை வளைத்தது, அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் சட்டென்று அதை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, ஜவுளிக்கடைப் பையில் போட்டு, குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டார். "கல்லறையில வேலைய முடிச்சிட்டு வந்து குழி தோண்டுறேன் மதலை. அதுவரைக்கும் அது மோப்பத்துல படாம பாத்துக்க. செத்ததைப் பாத்தா தின்னுரும்" என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்குக் கல்லறைத் திருநாள். மாமனார் மாமியார் கல்லறைக்கு வெள்ளையடித்து, புல் செதுக்கி, நாலு மணிக்குச் சாமியார் வந்து மந்திரிப்பதற்குள் மெழுகுதிரி ஏற்றி வைக்க வேண்டும். ஊரே அங்கேதான் இருக்கும். நான் மட்டும் இங்கே பின்கட்டில், முழங்கால் வலிக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு நாயைப் பார்த்துப் படு படு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் நானும் சரி என்றுதான் சொன்னேன். எடுத்துருங்க, அது பாக்க வேண்டாம், என்று நானும்தான் சொன்னேன். இதே வார்த்தையை இன்னொரு தடவையும் சொன்னவள்தானே நீ என்று உள்ளே ஒன்று கேட்கிறது. கேட்கட்டும், இப்போது வேண்டாம், இப்போது குட்டிகளுக்குப் பால் வேண்டும்.

கை இரண்டும் பிசுபிசுவென்று இருக்கின்றன. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்த வாடை போகவில்லை, இரும்பும் பச்சை மாமிசமும் கலந்த வாடை. இந்தக் கையால் ஜெபமாலையைத் தொடக் கூடாது என்று விரலை மடக்கியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன், நாலாவது விரலுக்கு வரும்போதெல்லாம் நினைவு அறுந்துபோகிறது, மறுபடி பெருவிரலிலிருந்து. பிறந்தபோது நனைந்த எலி மாதிரி இருந்தவை இப்போது காய்ந்து, குட்டி என்று சொல்லும்படி ஆகியிருக்கின்றன. இரண்டு செவலை, ஒன்று கறுப்பு, கடைசியில் வந்தது வெள்ளையில் கறுப்புத் திட்டு. அதுதான் எல்லாவற்றிலும் சின்னது, உள்ளங்கைக்குள் அடங்குகிறது, காது இரண்டும் மடித்து ஒட்டிய மாதிரி, கண் தையல் போட்ட மாதிரி. அது கத்துவதை நிறுத்திவிட்டது. மற்ற மூன்றும் குருவி மாதிரிக் கத்துகின்றன, கத்துகிறவரைக்கும் பயமில்லை, கத்தாததுதான் பயம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், எதிர் அறையிலிருந்து ஒன்று வீல் வீலென்று, பக்கத்து அறையிலிருந்து ஒன்று, எங்கள் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். வேண்டாம். டைகர், இங்க வா. டைகர் என்று பேர் வைத்ததே ஒரு கூத்து. அவர் வேலை பார்த்த பஸ் டெப்போவில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தார், அவர் ரிட்டயர் ஆக ஒரு மாசம் இருந்தது, "ஆம்பள, பாரு எப்படி முறைக்கிறான், பேரு டைகர்" என்றார். ஆறு மாசம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. "முப்பது வருஷம் இன்ஜினைப் பிரிச்சு மாட்டின மனுஷனுக்கு ஆணு எது பொண்ணு எதுன்னு தெரியல, பேர மாத்துங்க" என்று சிரித்தேன். "வச்ச பேரு வச்சதுதான். கூப்பிட்டா திரும்பிப் பாக்குதில்ல, அப்புறமென்ன" என்றார். எங்கேயோ ஆரம்பிக்கிற பேச்சு எங்கே வந்து கொத்துகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க முடியாத ஒரு பிள்ளைக்கு நான் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷமாக நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது, ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரருக்குத் தெரியாது, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் சொன்னதில்லை. அந்தப் பிள்ளையைப் பெற்ற என் மகளுக்கே தெரியாது. அவள் இன்றைக்கு வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. செலின்தான். மூன்று வருஷத்தில் அவளாகப் போன் பண்ணியதை விரல் விட்டு எண்ணிவிடலாம், நான் பண்ணினால் எடுப்பாள், ம் என்பாள், சாப்பிட்டாச்சு என்பாள், மருமகன் நல்லா இருக்காரு என்பாள், வைத்துவிடுவாள். அன்றைக்கு அவளே பேசினாள். "கல்லறைத் திருநாளுக்கு வர்றேன். பாப்பா இருக்கிற இடத்தக் காட்டுங்க. அவ்வளவுதான், சாப்பாடு அது இதுன்னு ஒண்ணும் செய்ய வேண்டாம்." சரிம்மா என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இடத்தைக் காட்டுவது பெரிய காரியம் இல்லை, அவருக்குத் தெரியும், கல்லறை மதில் ஓரம், மூன்று கல் வைத்திருக்கிறார். அந்த இடத்தில் நின்றுகொண்டு அவள் என் முகத்தைப் பார்ப்பாளே, அப்போது நான் எங்கே பார்ப்பது. சொல்லலாம் என்று நினைக்கிறேன், சொன்னால் இருக்கிற ம்-மும் நின்றுபோகும். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன், அப்படியானால் நான் செத்தால் அந்தப் பேரும் என்னோடு செத்துப்போகும், உலகத்தில் ஒருத்தர் வாயில்கூட இல்லாமல் போகும். பதினோரு மணிக்குத் திருப்பூரில் பஸ் ஏறிவிட்டேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். இப்போது மணி ஒன்றே முக்கால். ஒட்டன்சத்திரம் தாண்டியிருப்பாள்.

"அக்கா! டைகர் சார் என்ன பெத்திருக்காரு?" பக்கத்து வீட்டுக் கமலவேணி மதிலுக்கு மேலே தலையை நீட்டுகிறாள், தலையில் ஈரத்துண்டு. எனக்கு அந்த நிமிஷம் மனித முகத்தைப் பார்த்ததே ஆறுதலாக இருந்தது. "ரெண்டு ஆணு ரெண்டு பொண்ணு" என்றேன். "இத யாரு பாத்துச் சொன்னது, உங்க வீட்டுக்காரரா? அப்ப நம்பாதீங்க!" என்று அவளே சிரித்துக்கொண்டாள். "ஆம்பள நாய் குட்டி போட்ட வீடுன்னு இனிமே நான் எல்லாருக்கும் வழி சொல்லப்போறேன், ஆமா. மொத்தம் நாலா?" நாலு என்றேன். அது வாயிலிருந்து தானாக வந்தது. ஐந்து என்று சொல்லியிருக்கலாம், ஒன்று இறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நாலு என்றுதான் புரண்டது. கோயிலில் யாராவது உங்க செலினுக்குப் பிள்ளைங்க எத்தனை என்று கேட்டால் இன்னும் இல்லீங்க என்று சொல்கிற அதே நாக்கு. "கேழ்வரகுக் கஞ்சியில வெல்லத்தப் போட்டு வைங்கக்கா, பால் ஊறும்." "வச்சேன் கமலா, முகந்துகூடப் பாக்கல." அவள் கொஞ்ச நேரம் டைகரையே பார்த்தாள். அது குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்று, கதவின் அடிச் சந்தில் மூக்கை வைத்து, உள்ளிழுத்து உள்ளிழுத்து, மெலிசாக ஒரு சத்தம் போட்டது, பிரஷர் குக்கர் ஆவி விடுவதற்கு முந்திப் போடுகிற சத்தம். கமலவேணியின் சிரிப்பு நின்றுவிட்டது. "எதையோ தேடுதுக்கா" என்றாள். "பாத்துக்குங்க. பால் கட்டிக்கிட்டா வலி தாங்காம கடிக்கும், தாயாச்சே" என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டாள்.

பால் கட்டிக்கிட்டா. செலினுக்கு மூன்றாம் நாள் பால் வந்தது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது, அது தன் பாட்டுக்கு வேளை தவறாமல் வந்துவிட்டது. இரண்டு நைட்டி மாற்றியும் நனைந்துபோனது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், சம்பந்தியம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னார், எங்கள் பக்கத்திலும் அதுதான் வழக்கம், பாலை மறக்கடிக்க மல்லிகை. நான்தான் நாலு முழம் வாங்கி வந்தேன், நானேதான் கட்டினேன், பூவை மாரோடு பரப்பி வெள்ளைத் துணியால் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டேன். கல் மாதிரி கட்டியிருந்தது, தொட்டால் அனல். காலையில் கட்டிய பூ சாயங்காலத்துக்குள் வெந்து பழுப்பாகி ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிய்த்து எடுத்துவிட்டுப் புதுசு கட்டுவேன். சின்ன வயசில் சட்டை போட்டுவிடும்போது தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பாலும் மல்லிகையும் கலந்து அந்த அறையில் ஒரு வாசனை இருந்தது, கல்யாண வீட்டு வாசனை மாதிரி. பூக் கட்ட ஆரம்பித்த இரண்டாம் நாள் கேட்டாள், "அம்மா, நீ பாத்தியா?" நான் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். "இல்லைம்மா, எனக்கும் காட்டல" என்றேன். இப்போது யோசித்தால் அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை. எனக்கும் காட்டவில்லை என்றால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், யாருமே பார்க்காத பிள்ளை என்றால் பார்க்காதது ஒரு குறையாக இருக்காது என்று நினைத்தேனா? இல்லை. பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி, நீ பார்த்தாய், பெற்றவள் நான் ஏன் பார்க்கக் கூடாது என்று வரும், அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை. பூவும் வைப்பதில்லை, எந்தப் பூவும்.

பார்த்தேன். மாதாவே உனக்குத் தெரியும், பார்த்தேன், கையில் வாங்கினேன். பிரசவ அறைக்கு வெளியே ஒடுக்கமான நடை, கை கழுவுகிற தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள், எட்டு மாசம் முடிந்து ஒன்பதில் பத்து நாள். மருமகன் கம்பெனி வேலையாக வடக்கே போயிருந்தார், ரயிலில் வந்துகொண்டிருந்தார். நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள், "பெரியவங்க யாராச்சும் வாங்கிக்குங்க. அம்மாவுக்குக் காட்டணுமா?" என்றாள். கேட்டாளே, அந்தப் பெண் கேட்டாளே. சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம்மா, முகத்தப் பாத்துட்டா மறக்க முடியாது, பாக்காட்டி சீக்கிரம் ஆறிடும், என்று நான்தான் சொன்னேன், எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், அதனால் சொன்னேன். சம்பந்தியம்மா ஆட்டோ கூப்பிடப் போனார். கையில் வாங்கினால் சூடு. செத்த பிள்ளை சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தவளுக்குத் துணிக்குள்ளிருந்து கைக்குச் சூடு ஏறியது. ஒரு நூல் அளவு உயிர் இருக்குமோ, டாக்டருக்கே தெரியாமல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சாமியார் வர வேண்டியதில்லை, தண்ணீர் இருந்தால் போதும் என்று சின்ன வயசில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்தார்கள். உயிர் இருக்க வேண்டும், செத்தவருக்குக் கூடாது என்றும் சொல்லித் தந்தார்கள். இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வந்தது. கூடையில் செலினுக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பாட்டிலைத் திறந்து நெற்றியில் மூன்று தடவை ஊற்றினேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன், ஒரு பேர் சொன்னேன். நர்ஸ் தடுக்கவில்லை. "அது வயித்துச் சூடு பாட்டி" என்றாள் மெதுவாக. என்னை ஒருத்தர் பாட்டி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஆட்டோ வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். "ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைன்னா மதில் ஓரம்தான், அதுதான் இங்க வழக்கம்" என்று கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் போனில் சொன்னாராம். ஒரே ஒரு வார்த்தை, ஆயிடுச்சு என்று நான் சொல்லியிருந்தால் போதும். நான் ஊற்றியது செல்லும் என்றால் அந்தப் பிள்ளை சிலுவைகளுக்கு நடுவில், அதன் பூட்டன் பூட்டிக்குப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். செல்லாது என்றால் நான் செய்தது தப்பு, சாமியார் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றையாவது செய்திருக்க வேண்டும். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாயால் வாரா வாரம் பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

போன் அடிக்கிறது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தால் அவர். பின்னால் ஒரே சந்தடி, யாரோ மைக்கை ஊதிப் பார்க்கிறார்கள். "என்ன, படுத்துச்சா?" "இல்லங்க." "குட்டிங்க?" "சின்னது சோர்ந்துபோச்சு. ஃபில்லர்ல பால் விட்டேன், மூக்கு வழியா வருது." "துணியில சுத்தி மடியில வச்சுக்க, சூடு குடு. பையத் தொறந்துடாத, ரத்த வாடைக்கு வெறி புடிக்கும்." அப்புறம் மைக்கை விட்டுத் தள்ளி நடந்தார் போல, சந்தடி குறைந்தது. "அந்த இடத்துல முள்ளெல்லாம் செதுக்கிட்டேன் மதலை. அவ வந்து மொட்டையா கல்ல மட்டும் பாத்தா மனசு என்னமோ ஆகும். ரெண்டு கட்டை கெடந்துச்சு, சிலுவையா அடிச்சிட்டேன். உபதேசியார் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. என்ன எழுதுறதுன்னுதான் தெரியல. பாப்பான்னு எழுதிடவா?" இந்த மனுஷன் மூன்று வருஷமாக அந்த இடத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர் மறந்துவிட்டார் என்றுகூட நினைத்திருக்கிறேன். "மதலை, லைன்ல இருக்கியா?" "இருக்கேங்க. இப்ப எழுதாதீங்க. அவ வரட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சின்னதை எடுத்து மடியில் வைத்தால் பழைய துணி சுருண்டு கிடக்கிற மாதிரி இருக்கிறது. வயிறு மட்டும் அணைக்கப் போகிற விளக்கு மாதிரி ஏறி இறங்குகிறது. டைகர் இன்னும் அந்தக் கதவடியில்தான். அதன் மடி தரையைத் தொடுகிற மாதிரி கனத்துச் சிவந்து, காம்பில் ஒரு சொட்டு நிற்கிறது, விழுகிறது, மறுபடி நிற்கிறது. பால் அங்கே, பசி இங்கே, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்தியது யார்? தின்றுவிடும் என்கிறார். தின்றால்? தின்றால் நான் என்ன செய்வேன், அதையும் என் கண்ணால் பார்க்க வேண்டும். மாதாவே, உன் மகனைச் சிலுவையிலிருந்து இறக்கியபோது உன் மடியில் கொடுத்தார்கள். பார்க்காதே, ஆறிவிடும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. எத்தனை வருஷமாகப் பெரிய வெள்ளிக்கிழமை மடியில் மகனோடு இருக்கிற உன் சுரூபத்தின் காலில் பூ வைத்துவிட்டு வந்திருக்கிறேன், ஒரு தடவையாவது இது எனக்குத் தோன்றியதா. சின்னதைச் சாக்கில் மற்றதுகளோடு விட்டுவிட்டு எழுந்தேன். முழங்கால் சொடக்கியது. கதவைத் திறந்து ஆணியிலிருந்து பையை எடுத்தேன், இவ்வளவு கனமில்லாத பையை நான் தூக்கியதே இல்லை. செய்தித்தாள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. செவலைதான், வால் நுனியில் மட்டும் வெள்ளை, சுண்ணாம்பில் தொட்டு எடுத்த மாதிரி. குளிர்ந்திருந்தது. தரையில் வைத்தேன். டைகர் ஓடி வரவில்லை, நடந்து வந்தது. முகர்ந்தது. நக்கியது, முகத்திலிருந்து ஆரம்பித்து, வயிறு, பின்னங்கால், ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை நாக்கால் உரித்து எடுத்தது. அப்புறம் வாயைத் திறந்து கவ்வியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், இயேசுவே இயேசுவே என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அது சாக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கவ்வியதை மற்றதுகளுக்கு நடுவில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு மாதிரி ஒன்று விட்டு, ஐந்தையும் வளைத்துக்கொண்டு படுத்துவிட்டது. மூன்றும் ஏறி விழுந்து காம்பைப் பிடித்தன. சின்னதின் வாயைக் காம்பில் வைத்து விரலால் ஒரு பீச்சுப் பீச்சினேன். இல்லை. இன்னொரு பீச்சு. இல்லை. மூன்றாவதுக்குத் தாடை அசைந்தது. டைகர் அந்த வெள்ளை வால் செவலையின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. கோபம் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா பார்த்தது. எனக்கு அதன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"கதவு தொறந்தே கெடக்கு. கூப்பிட்டா யாரும் பேசல."

செலின். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. பின்வாசல் படியில் நிற்கிறாள், தோளில் பை, முகம் பஸ் காற்றில் வறண்டு, இளைத்திருக்கிறாள், கன்னத்து எலும்பு தெரிகிறது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மரத்துப் போயிருந்தது. "இருங்க, இருங்க" என்று பையை இறக்கி வைத்துவிட்டுச் சாக்குக்கு அந்தப் பக்கம் அவளும் குத்தவைத்து உட்கார்ந்தாள். டைகர் வாலை ஒரு தடவை தரையில் தட்டியது.

"எத்தனை?"

"அஞ்சு" என்றேன்.

எண்ணினாள். "அந்தச் செவலை ஏன் குடிக்கல?"

"அது செத்துப் பொறந்தது."

"எடுக்கலையா?"

"எடுத்தோம். அது பாக்காம எடுத்துப் பையில போட்டு மாட்டி வச்சோம். காலையிலேருந்து தேடுது, படுக்க மாட்டேங்குது, குட்டிங்களுக்குப் பால் இல்ல. இப்பத்தான் குடுத்தேன்."

"குடுத்ததும் படுத்திருச்சாக்கும்."

"ம்."

அவள் நாயைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கேயோ தீபாவளிக்கு மிஞ்சிய வெடி ஒன்று வெடித்தது. "நாய்க்குக் குடுத்திருக்கீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் உயரவில்லை. சமையலறைக்குள் ஓடிவிடலாம், காபி போடுகிறேன் என்று எழுந்துவிடலாம், அடுப்பில் எதையாவது வைத்துவிடலாம் என்று உடம்பெல்லாம் சொல்லியது, கால் மரத்துப்போனதும் நல்லதுக்குத்தான்.

"செலினு, நான் பாத்தேன்."

"என்னத்த?"

"பாப்பாவ. பாக்கலன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். பாத்தேன், கையில வாங்கினேன். சூடா இருந்தா. உயிர் இருக்குமோன்னு நெனச்சுத் தண்ணி ஊத்தினேன். பேர் வச்சேன். காட்டணுமான்னு நர்ஸ் கேட்டா, நான்தான் வேண்டாம்னேன். வேற யாரும் இல்ல, நான்தான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் முகம் அப்படியே இருந்தது. என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. எழுந்து போய்விடுவாள், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாள், இனி ம்-மும் இல்லை.

"என்ன பேரு?"

"தெனமும் புனிதர் மன்றாட்டு சொல்றவ நானு. அந்த நேரத்துல ஒரு புனிதர் பேரும் வாயில வரல, அத்தனையும் ஓடிப்போச்சு. எதிர்ல அந்த நர்ஸ் நின்னா, நெஞ்சுல பேர் குத்தியிருந்தா. அதைப் பாத்து வாசிச்சிட்டேன்."

"என்ன பேரும்மா?"

"வசந்தா."

என் குரலில் அதை அன்றைக்கப்புறம் இப்போதுதான் கேட்கிறேன். பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சாதாரணமான ஒரு பேராக இருந்தது.

"வசந்தாவா?" என்றாள். "ஐய, பழைய பேரும்மா." உதட்டோரம் இழுத்தது, சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன், அவளும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அது தொண்டையில் மாட்டி வேறு சத்தமாக வந்தது. டைகர் தலையைத் தூக்கிப் பார்த்தது. செலின் என் கையைப் பிடித்தாள். "கை நாறுதுடி" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். ரொம்ப நேரம் அழுதாள். நானும்தான். குட்டிகள் சப்புக் கொட்டுகிற சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

"ஏன் அப்பவே சொல்லல?"

"பயம்."

"எங்கிட்டயா?"

"ஆமா."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதை மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது, கையையும் விடவில்லை. "முடி இருந்துச்சா?" என்றாள்.

"நெறைய. நெத்தியில ஒட்டிக் கெடந்துச்சு. தண்ணி ஊத்தினதும் சுருண்டுக்கிச்சு."

"யாரு மாதிரி?"

"கீழ் உதடு உன்னோடது. காது மருமகனோடது, மேல கொஞ்சம் கூரா."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. இமை நீளம்."

"கை?"

"இடது கை துணிக்கு வெளிய இருந்துச்சு. நகம் வளந்திருந்துச்சு செலினு, வெட்டிவிடணும்போல."

"அப்புறம்?"

"நர்ஸ் தலையத் துடச்சுவிட்டா. நான் கையை உள்ள வச்சு, துணியச் சரி பண்ணினேன். நெத்தியில ஒரு முத்தம் குடுத்தேன்."

"அப்புறம்?"

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது, பவனி கிளம்பிவிட்டது, கல்லறையில் அவர் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு எங்களுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. அவள் கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல் நீ சொல்லும்மா, அப்புறம், என்றாள். அதற்கப்புறம் ஆட்டோ வந்துவிட்டது. என் பேத்தி என் கையில் இருந்தது மொத்தம் பத்து நிமிஷம், அந்தப் பத்து நிமிஷத்தையும் சொல்லி முடித்துவிட்டேன், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. ஒடுக்கமா ஒரு நடை, அங்க ஒரு தண்ணித் தொட்டி, பக்கத்துல ஒரு ஸ்டூலு, என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.